மருந்தின் பாதக விளைவுகள்

நோயைத் தடுக்கவோ கண்டறியவோ குணப்படுத்தவோ வழக்கமான அளவில் கொடுத்த மருந்து, கொடுத்தவர் நோக்கமில்லாத தீங்கை உடலுக்குச் செய்தால் அது மருந்தின் பாதக விளைவு எனப்படும். உலக சுகாதார நிறுவனம் 1972இல் வகுத்த வரையறையின் சாரம் இதுவே. அளவு மீறி விழுங்கியதால் ஏறும் நஞ்சு இதில் சேராது. கலப்படத்தால் வரும் கேடும் கண்டிப்பாகப் பார்த்தால் வேறு வகைதான். ஆனால் வரலாற்றில் கலப்படமும் பாதக விளைவும் பின்னிக் கிடப்பதால் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு வழக்கில் "பக்கவிளைவு", "அலர்ஜி", "மாத்திரை ஒத்துக்கலை", "ஊசி சேரலை" என்று சொல்கிறோம். இவற்றுள் "ஒத்துக்கலை" என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. கடந்த 170 ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்த பெரிய மருந்துத் தீங்குகளில் பலவும் ஆய்வகத்தில் அல்ல, ஒரு நோயாளி அப்படிச் சொன்னதிலும் அதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு எழுதி வைத்ததிலும்தான் தொடங்கின.

மருந்தே நஞ்சாகலாம் என்ற அறிவு பழையது. சித்த மருத்துவத்தில் பாதரசம், கந்தகம், சேராங்கொட்டை போன்றவற்றைச் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. மருந்தோடு பத்தியமும், மருந்தின் கெடுதியைப் போக்க முறிவு மருந்தும் சொல்லப்பட்டன. ஆனால் ஒரு வைத்தியர் கண்ட கேடு அவரிடமும் அவருடைய சீடர்களிடமும் தங்கியது. பலர் கண்டதை ஓரிடத்தில் சேர்த்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது.

குளோரோஃபார்மும் ஹைதராபாத்தும்

1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசலுக்கு அருகே, ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். அந்த மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இதயம் நின்றதா, மூச்சு நின்றதா என்ற வாதம் அன்று தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

அந்த வாதத்தின் ஒரு முக்கியக் கட்டம் நம் பக்கத்தில் நடந்தது. ஹைதராபாத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், குளோரோஃபார்ம் இதயத்தை நேரே தாக்காது என்று உறுதியாக நம்பினார். ஹைதராபாத் மன்னரான நிஜாமின் பொருளுதவியோடு 1888இல் ஒரு குழு அமைந்து விலங்குகளில் சோதித்து அவர் சொன்னதையே முடிவாகச் சொன்னது. லண்டன் மருத்துவ இதழ் 'லான்செட்' அதை ஏற்கவில்லை. 1889இல் நிஜாமின் செலவிலேயே மருத்துவர் லாடர் பிரண்டன் லண்டனிலிருந்து வந்து சேர, இரண்டாம் குழு கூடியது. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்த பிறகும் முடிவு மாறவில்லை. ஆனால் அது தவறான முடிவு. லேசான மயக்கத்தில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து உயிர் போகக்கூடும் என்பதை 1911இல் ஆய்வாளர் குட்மன் லெவி காட்டினார்.

லான்செட் செய்த இன்னொரு காரியம்தான் இந்த வரலாற்றுக்கு முக்கியம். மயக்க மருந்தின்போது நேர்ந்த மரணங்களைப் பற்றி எழுதியனுப்புமாறு பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் இருந்த மருத்துவர்களை அது கேட்டது. திரண்டு வந்த குறிப்புகளைத் தொகுத்து 1893இல் அறிக்கை வெளியிட்டது. இன்றைய மருந்துக் கண்காணிப்பின் விதை அதுதான்.

ஒவ்வாமை அதிர்ச்சி

1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற பிரெஞ்சு அறிஞர்கள் ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். கரை திரும்பிய பின் நாய்களுக்கு அந்த வகை நஞ்சைச் சிறிதளவு செலுத்திப் பழக்க முயன்றார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடியும் சிறிதளவு போட்டதும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழுந்து செத்தது. பழக்கம் பாதுகாப்பைத் தரும் என்று எண்ணிய இடத்தில் நேர்மாறானது நடந்தது. 1902இல் இதற்கு 'அனஃபைலாக்சிஸ்' என்று பெயரிட்டார்கள். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே.

பெனிசிலின் ஊசி பரவிய பிறகு இந்த அதிர்ச்சி ஊரறிந்த விஷயமாயிற்று. "டெஸ்ட் டோஸ் போட்டாச்சா?" என்ற கேள்வி நம் கிராமத்து மருத்துவமனைகளிலும் ஒலிக்கக் காரணம் அதுவே. ஊசி போட்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், தொண்டை அடைப்பு, இழுப்பு, வயிற்றைப் பிசைதல், தலைசுற்றி விழுதல் என்று அது வரும். அப்போது முதலில் போட வேண்டியது அட்ரினலின்: தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் மறுபடியும் போட வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. முதலில் அவில், டெக்ஸா போன்ற ஒவ்வாமை ஊசிகளுக்குக் கை போவது பழகிப்போன தவறு. அவை அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும், சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தா. தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்து அதிர்ச்சி திரும்ப வரலாம் என்பதால் நோயாளியை உடனே வீட்டுக்கு அனுப்பலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சீட்டில் எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைத் தாங்குகிறார்கள். சிறு வயதில் காய்ச்சலோடு வந்த ஏதோ ஒரு தடிப்பு, ஆயுளுக்கும் ஒரு நல்ல மருந்தின் வாசலை அடைத்துவிடுகிறது.

இனிப்பு மருந்தும் சிறுநீரகமும்

1937 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தைக் குழந்தைகள் குடிக்கும்படி ராஸ்பெரிச் சுவையில் திரவமாக்கி விற்றார்கள். அதைக் கரைக்கப் பயன்பட்டது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இனிப்பான, சிறுநீரகத்தைக் கொல்லும் திரவம். விற்குமுன் விலங்குகளில்கூடச் சோதிக்கவில்லை. சட்டம் அப்படிக் கேட்கவுமில்லை. 105 பேர் இறந்தார்கள், அவர்களில் 34 பேர் குழந்தைகள். நிறுவனத்தின் மேல் சுமத்த முடிந்த குற்றம் ஒன்றே ஒன்று: ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு 'எலிக்சிர்' என்று பெயர் வைத்தது. விற்குமுன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற 1938ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது.

அதே திரவம் 1972இல் சென்னையில் 15 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 1986இல் மும்பையிலும், 1998இல் குர்கானிலும், 2022இல் காம்பியாவிலும் அதே கதை நடந்தது. 2025 இலையுதிர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோய் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அதற்குள் எண்பத்தெட்டு ஆண்டுகளாகத் தெரிந்திருந்த நஞ்சு இது. சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைக்கு ஒருநாள் முழுதும் சிறுநீர் போகவில்லை என்றால், அந்த மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தாலிடோமைடு

1957 அக்டோபர் 1 அன்று மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு 'கான்டெர்கான்' என்ற பெயரில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. எவ்வளவு கொடுத்தும் எலி சாகவில்லை என்பது அதன் பெருமையாகப் பேசப்பட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. மசக்கை வாந்திக்கும் நல்லது என்றார்கள். வெவ்வேறு பெயர்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது.

முதல் எச்சரிக்கை பாதங்களிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் மருத்துவர் லெஸ்லி ஃபிளாரன்ஸ், அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்ட தம் நோயாளிகள் நால்வருக்குக் கைகால் மரத்து, கூசி, இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதைக் கண்டார். இதற்குத் தாலிடோமைடுதான் காரணமா என்று கேட்டு அவர் எழுதிய சிறு கடிதம் 1960 டிசம்பர் 31 தேதியிட்ட பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது.

வாஷிங்டனில் அந்தக் கடிதத்தைப் படித்தவர் ஃபிரான்சஸ் கெல்சி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், 1960 செப்டம்பரில் அவர் மேசைக்கு இந்த மருந்தின் விண்ணப்பம் வந்திருந்தது. எளிய வேலை என்று புதியவருக்குத் தந்தார்கள். தரவுகள் போதாது என்று அவர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். விண்ணப்பித்த அமெரிக்க நிறுவனம் நேரிலும் தொலைபேசியிலும் நெருக்கியது. ஃபிளாரன்ஸின் கடிதத்தைப் பார்த்ததும், பெரியவரின் நரம்பைக் கெடுக்கும் மருந்து வயிற்றிலுள்ள சிசுவை என்ன செய்யும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருந்தது: 1937இல் சிகாகோவில் மாணவியாக இருந்தபோது, சல்ஃபானிலமைடு திரவத்தில் எது கொன்றது என்று கண்டறிந்த ஆய்வகத்தில் வேலை செய்தவர் அவர்.

இதற்குள் ஜெர்மனியின் மகப்பேறு விடுதிகளில் கையும் காலும் வளராத, தோளிலேயே விரல்கள் முளைத்த குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் அந்தத் தாய்மார்களைத் தேடிச் சென்று, கர்ப்ப காலத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். தூக்க மாத்திரையை ஒரு மருந்தாகவே நினைக்காததால் பலர் முதலில் சொல்லவில்லை. திரும்பவும் போய்க் கேட்டார். 1961 நவம்பர் நடுவில் தம் சந்தேகத்தை மருந்தைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனத்திடம் சொன்னார், சில நாளில் மருத்துவர் கூட்டத்திலும் சொன்னார். நாளேடு அதை வெளியிட்ட பிறகே, மாத இறுதியில், மருந்து ஜெர்மன் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிட்னியின் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் அதே சந்தேகத்தை எழுதிய கடிதம் டிசம்பர் 16 லான்செட்டில் வந்தது.

உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். கருத்தரித்த 20 முதல் 36 நாட்களுக்குள் ஒரே ஒரு மாத்திரை போதுமானதாக இருந்தது. பல பெண்கள் தாம் கர்ப்பம் என்றே அறியாத நாட்கள் அவை. அமெரிக்காவில் மருந்து விற்பனைக்கு வரவில்லை என்றாலும், விண்ணப்பித்த நிறுவனம் மருத்துவர்களுக்குக் கொடுத்த மாதிரி மாத்திரைகளாலும் வெளிநாடுகளிலிருந்து பெற்றவற்றாலும் அங்கும் 17 குழந்தைகள் குறையோடு பிறந்தார்கள். 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி கெல்சிக்கு விருதளித்தார். அதே ஆண்டு அக்டோபரில், மருந்து பாதுகாப்பானது என்பதோடு பயனுள்ளது என்பதையும் நிறுவ வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது.

மெக்பிரைட்டின் பிற்கால வாழ்க்கையையும் இங்கே பதிய வேண்டும். மசக்கைக்கான இன்னொரு மருந்தான டெபென்டாக்ஸும் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று அவர் வழக்குகளில் சாட்சி சொன்னார். வழக்குகளின் சுமையால் தயாரித்த நிறுவனமே 1983இல் அதை நிறுத்தியது. பின்வந்த ஆய்வுகளில் குற்றம் நிரூபணமாகவில்லை. அதே சேர்மானம் 2013இல் அமெரிக்காவில் மீண்டும் அனுமதி பெற்றது. முயல் சோதனை ஒன்றில் தரவைத் திரித்ததற்காக மெக்பிரைட் 1993இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். சரியாகச் சந்தேகித்த அதே மனிதர் பிழையாகவும் சந்தேகித்தார். ஒருவரின் ஐயத்தைப் பலரின் பதிவோடு ஒப்பிட ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது.

மஞ்சள் அட்டை

பிரிட்டன் 1964இல் அந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. டெரிக் டன்லப் தலைமையிலான குழு ஒவ்வொரு மருத்துவருக்கும் மஞ்சள் அட்டைகளை அனுப்பியது. சந்தேகம் இருந்தாலே எழுதி அனுப்புங்கள், நிரூபிப்பது எங்கள் வேலை என்பது அதன் அடிப்படை. அப்படி வந்த குறிப்புகளைக் கொண்டு குழுவின் மருத்துவர் பில் இன்மன், கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் கூடினால் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது என்று காட்டினார். 1969இல் 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டவை வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது.

தோல்வியும் உண்டு. 1970இல் வந்த இதய மருந்து பிராக்டலால், சிலருக்குக் கண்ணீரை வற்றச் செய்து பார்வையைப் பறித்தது. கண் வறட்சிக்கும் இதய மாத்திரைக்கும் முடிச்சுப் போட மருத்துவர்களுக்குத் தோன்றவில்லை. கண் மருத்துவர் பீட்டர் ரைட் 1975இல் அதை எழுதிய பிறகுதான் அட்டைகள் நூற்றுக்கணக்கில் வந்தன.

பத்து நாடுகளின் பதிவுகளைச் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 1968இல் தொடங்கிய திட்டம் 1978 முதல் சுவீடனின் உப்சாலாவில் இயங்குகிறது. ஆயினும் எழுதப்படாமல் போவதே மிகுதி. 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பீடு, நூற்றுக்குச் சுமார் 94 விளைவுகள் பதிவாவதே இல்லை என்றது.

ஏன் ஒருவருக்கு மட்டும்?

1977இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர்கள் ராலின்ஸும் தாம்சனும் பாதக விளைவுகளை இரு வகையாகப் பிரித்தார்கள். மருந்தின் இயல்பான வேலையே மிகுந்து வருவது ஒன்று: சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட முதியவர் வியர்த்து மயங்குவது இந்த வகை. அளவைக் குறைத்தால் சரியாகும். மற்றது அளவோடு தொடர்பில்லாமல், சிலருக்கு மட்டும் வருவது. இரண்டாம் வகையின் காரணம் பெரும்பாலும் அவரவர் உடலில் இருக்கிறது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இதில் ஆற்றிய பணியைத் தமிழர்கள் போதுமான அளவு அறிந்திருக்கவில்லை. வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய மையம் அது. ஐசோனியசிட்டைக் கூடுதல் அளவில் சாப்பிட்ட ஏழை நோயாளிகள் பாத எரிச்சலும் மரத்துப்போதலும் வருவதாகச் சொன்னதை அங்குள்ளவர்கள் குறித்துக்கொண்டார்கள். மருந்தை உடல் மெதுவாகச் செரிப்பவர்களிடம் அது மிகுதி என்றும், சிறிதளவு பிரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், சேர்த்தால் தடுக்கலாம் என்றும் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். காசநோய் மாத்திரையோடு இன்றும் பி6 தரப்படுகிறது.

அறுவையின்போது தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசிக்குப் பிறகு சிலர் மணிக்கணக்கில் தாமே மூச்சுவிட முடியாமல் கிடப்பார்கள். அம்மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களுக்குக் குறைவு. தென்னிந்திய வைசியர் சமூகத்தில் இது கூடுதலாக இருப்பதற்கான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 2006இல் வெளியிட்டது. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஆசிய நாட்டவர் சிலரின் தோலை உரித்துவிடுவதற்கும் ஒரு மரபணுக் கூறு காரணம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். இந்தத் தோல் நோய்க்கு, 1922இல் இரு சிறுவர்களிடம் அதை விவரித்த ஸ்டீவன்ஸ், ஜான்சன் பெயர்களே நிலைத்தன. புது மருந்து தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் ஆகியவை சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உறுதியானால் அந்த மருந்து ஆயுளுக்கும் கூடாது. இப்படிப்பட்ட நெருக்கடி தவிர, வலிப்பு, ரத்த அழுத்த, காசநோய் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது வேறு ஆபத்தில் முடியும்.

மருந்துதான் காரணமா என்று முடிவு செய்வது எளிதல்ல. கனடாவில் நரான்ஹோ குழு 1981இல் வகுத்த பத்துக் கேள்விகளை மருத்துவர்கள் இன்றும் கேட்கிறார்கள்: மருந்துக்குப் பின் வந்ததா, நிறுத்தியதும் தணிந்ததா, திரும்பக் கொடுத்தபோது மீண்டும் வந்ததா, வேறு காரணம் உண்டா என்று அவை போகும். மதிப்பெண் ஒன்பதைத் தொட்டால் நிச்சயம். ஐந்திலிருந்து எட்டு வரை பெரும்பாலும் அதுவே.

இந்தியாவில்

2010 ஜூலையில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள் உள்ளன. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் அமிலம், அரிதாகக் காய்ச்சல், தடிப்பு, கல்லீரல் பாதிப்போடு கூடிய கடும் ஒவ்வாமையைத் தரலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் ஆணையம் எச்சரித்தது. ஊர்ஊராக எழுதி அனுப்பப்பட்ட குறிப்புகளிலிருந்து வந்த எச்சரிக்கை அது.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றி நோயாளியும் புகார் தரலாம். அதற்குத் தமிழிலும் படிவம் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. என்ன மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறது என்பவற்றோடு தயாரிப்புத் தொகுதி எண்ணையும் படிவம் கேட்கும். நம் கடைகளில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள்; பெயரும் தொகுதி எண்ணும் அச்சான ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. அந்த ஓரத்தைச் சேர்த்துத் தரச்சொல்லி வாங்கலாம், இல்லாவிட்டால் ரசீதாவது கேட்டு வாங்கலாம்.